மூளைக்கு வல்லாரை லேகியமா, தயிர்சாதமா?

பெரம்பூரிலிருந்து கிழக்கு லண்டன் வந்து இரண்டு மாதம். பையனுக்கு 7 வயது, பெண்ணுக்கு 4. மாமியார் வல்லாரை லேகியம், பாதாம், சத்துமாவு எல்லாம் கட்டிக் கொடுத்திருக்கிறார். பள்ளியிலோ கொட்டை வகை எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூளை வளர்ச்சிக்கு எதைச் சமைப்பது, அதைப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிட என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூளைக்கென்றே தனி உணவு ஒன்றும் கிடையாது, தங்கச்சி. ஆனால் சென்னையில் நாம் கணக்குப் பார்க்காமலே கிடைத்துவந்த சில சத்துகள் இங்கே வந்ததும் சத்தமில்லாமல் நின்றுபோகும். பாதாமை எண்ணிக்கொண்டிருப்பதைவிட அவற்றை ஈடுகட்டுவதுதான் முக்கியம்.

முதலில் அயோடின். நம்மூரில் விற்கும் சமையல் உப்பில் அயோடின் சேர்த்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. சூப்பர்மார்க்கெட் உப்பில் பெரும்பாலும் அயோடின் இருக்காது. அது குறைந்தால் தைராய்டு சுரப்பு குறையும், வளரும் மூளைக்கு அந்தச் சுரப்பு கட்டாயம் தேவை. 4 முதல் 6 வயதுக்கு ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம், 7 முதல் 10 வயதுக்கு 110 என்பது இங்குள்ள கணக்கு. இந்த நாட்டுக்காரர்களுக்கு அது பெரும்பாலும் பாலிலிருந்துதான் வருகிறது. 200 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரோகிராம் இருக்கும், தயிரிலும் அப்படியே. ஆகவே ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிர்சாதமும் வேலையை முடித்துவிடும். தயிர்சாதத்தை யாரும் மூளை உணவு என்று விளம்பரம் செய்வதில்லை, அவ்வளவுதான். ஓட்ஸ் பால், பாதாம் பால் வாங்குவதாக இருந்தால் அயோடின் சேர்த்திருக்கிறார்களா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். பலவற்றில் இருக்காது. இந்தியக் கடைகளில் அயோடின் உப்பு கிடைக்கும். அதற்காக அளவைக் கூட்டிவிடாதீர்கள்: சின்னவளுக்கு ஒரு நாளைக்கு 3 கிராம், பெரியவனுக்கு 5 கிராம் உப்புதான் உச்சவரம்பு.

தயிர் இங்கே உறையவில்லை என்பது எல்லோரும் சொல்லும் புகார். அரை லிட்டர் முழுக்கொழுப்புப் பாலை (நீல மூடி) 10 நிமிடம் கொதிக்கவிட்டுச் சுண்டவையுங்கள். கடைப் பாலில் கொழுப்பைச் சிதறடித்துவிடுவதால் ஆடை கட்டாது, சுண்டவைக்காவிட்டால் தயிர் நீர்த்துப்போகும். விரல் பொறுக்கும் சூட்டில், அதாவது 40 முதல் 45 டிகிரியில், ஒரு தேக்கரண்டி உறை ஊற்றுங்கள். உறைக்கு வாங்கும் தயிர் டப்பாவில் உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதாகப் போட்டிருக்க வேண்டும். பாத்திரத்தைச் சூடேற்றாத ஓவனுக்குள் (ரொட்டி சுடும் அடுப்புப் பெட்டி) வைத்து விளக்கை மட்டும் எரியவிட்டால் 8 முதல் 10 மணி நேரத்தில் உறைந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். லண்டனில் அரசு ஆரம்பப் பள்ளிகளில் 2023 செப்டம்பரிலிருந்து எல்லா வகுப்புக்கும் மதிய உணவு இலவசம், சைவமும் கேட்டு வாங்கலாம். நண்பர்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிடட்டும். உங்கள் கைவரிசையைக் காலைப் பலகாரத்திலும் நாலு மணி டிபனிலும் காட்டுங்கள். சுற்றுலா நாள்களில் டப்பா கட்டினால் தயிர்சாதத்தோடு ஐஸ் பேக் வையுங்கள். வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி வளரும். கொட்டை கூடாது என்கிற பள்ளியில் எள்ளையும் கேட்டுக்கொள்வது நல்லது. இங்கே அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் எள்ளும் கடுகும் உண்டு, தேங்காய் இல்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைக் கட்டி அனுப்பும் முன் இது நினைவிருக்கட்டும்.

அடுத்து மீன். காசிமேட்டு மத்தியும் நெத்திலியும் போன இடத்தில் இங்கே டின் மத்தி, டின் கானாங்கெளுத்தி. மூளைக்கு வேண்டிய ஒமேகா 3 என்ற கொழுப்பு இவற்றில்தான் நேராகக் கிடைக்கிறது. பள்ளி உணவு விதிப்படி இந்த மாதிரிக் கொழுப்பு மீன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பரிமாறினால் போதும், அதனால் வீட்டில் வாரம் ஒருமுறையாவது சமையுங்கள். ஆண் பிள்ளைகளுக்கு வாரம் 4 முறை வரை, பெண் பிள்ளைகளுக்கு 2 முறை வரை போகலாம். டின் சூரை இந்தக் கணக்கில் சேராது. நம்மூர்ப் பெருமையான சுறாப் புட்டும் கூடாது. சுறாவில் பாதரசம் அதிகம், அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் என்பதால் 16 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று இங்கே சொல்கிறார்கள்.

ருசியை விடவேண்டியதில்லை, அதே புட்டை மத்தியில் செய்யலாம். 120 கிராம் டின் இரண்டு, தண்ணீரிலோ ஆலிவ் எண்ணெயிலோ போட்டதாக வாங்குங்கள். உப்புநீரில் போட்டது வேண்டாம். வடிகட்டியில் கொட்டிக் கரண்டியால் அழுத்திப் பிழியுங்கள், இங்கே சோம்பல்பட்டால் புட்டு களியாகிவிடும். நடுமுள் மெத்தென்றுதான் இருக்கும், கால்சியம் அதில்தான், எடுக்காமல் முள்கரண்டியால் மசித்துவிடுங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய 15 சின்ன வெங்காயம், 8 பல் பூண்டு, ஓர் அங்குல இஞ்சி. வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகே மீனும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும். பச்சை மிளகாய்க்குப் பதில் கால் தேக்கரண்டி மிளகுத்தூள். மிதமான தீயில் 6, 7 நிமிடம் கிளறினால் உதிரி உதிரியாக வரும். டின்னிலேயே உப்பு இருக்கலாம், ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள். எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகு. சமைக்கும் முன் குளிர்காலக் கோட்டுகளை எல்லாம் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்கு மத்தி வாசனையோடுதான் ரயிலேற வேண்டும்.

புட்டாகச் சாப்பிடாத பிள்ளைக்கு அதையே கட்லெட் ஆக்குங்கள். ஒரு டின் புட்டுக்கு 150 கிராம் வேகவைத்த உருளைக்கிழங்கு, இரண்டு மேசைக்கரண்டி பொடித்த அவல். கிழங்கு முழுதாக ஆறவேண்டும், சூட்டோடு பிசைந்தால் கல்லில் உடையும். மீன் வடிவத்தில் தட்டி மிளகைக் கண்ணாக ஒட்டும் வேலையைப் பெரியவனிடம் விட்டுவிடுங்கள், பரிமாறும்போது எடுத்துவிடலாம். தான் தட்டியதை எந்தப் பிள்ளையும் தள்ளிவைக்காது.

சைவ வீடாக இருந்தால் வால்நட்டும் ஆளி விதையும் மட்டும் போதாது. அவற்றில் உள்ள ஒமேகா 3 வேறு வகை, உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் மூளைக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றும். பாசியிலிருந்து எடுத்த ஒமேகா 3 எண்ணெய், சொட்டுகளாக மருந்துக் கடைகளில் கிடைக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் அதில் கோலின் என்ற சத்து தாராளம்.

இரும்புச்சத்துக்கு அடைமாவுப் பணியாரம். இட்லி அரிசி 1 கப், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் அரை அரைக் கப், பாசிப்பருப்பு கால் கப். மூன்று மணி நேரம் ஊறவைத்து இஞ்சி, மிளகு, பெருங்காயத்தோடு ரவைப் பதத்தில் கெட்டியாக அரையுங்கள். புளிக்கவைக்க வேண்டாம் என்பது இந்தக் குளிருக்கு ஒரு வரம். ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைகளில் உறையவைத்த முருங்கைக்கீரை இருக்கும், ஒரு பிடி எடுத்துக் கரைந்ததும் பிழிந்து சேருங்கள். பிழியாவிட்டால் மாவு நீர்த்துப் பணியாரம் சப்பையாகும். குழியில் முக்கால் அளவு ஊற்றி, நடுவில் சோளமணியோ சீஸ் துண்டோ ஒளித்துவைத்து, மூடி, சிறுதீயில் மூன்று நிமிடம், திருப்பி இரண்டு நிமிடம். தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே பருப்பு வேகாது. எதில் சீஸ், எதில் சோளம் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். கூடவே ஆரஞ்சுச் சுளையோ சிவப்புக் குடைமிளகாயோ வையுங்கள், வைட்டமின் சி இருந்தால்தான் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் ஒழுங்காகச் சேரும். அந்த வேளையில் டீ வேண்டவே வேண்டாம், அது சேரவிடாது.

இனிப்புக்குக் கொட்டையில்லா உருண்டை: பூசணி விதை 60 கிராம், பொட்டுக்கடலை 60 கிராம், விதை நீக்கிய பேரீச்சை 100 கிராம். விதை படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து ஆறவிட்டு, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விடும். பேரீச்சை காய்ந்திருந்தால் இரண்டு நிமிடம் ஆவியில் வையுங்கள். 12 உருண்டை வரும், ஆளுக்கு ஒன்று. சத்துமாவுக் கஞ்சிக்கு நாட்டுச்சர்க்கரை போட்டால் தப்பில்லை என்று நினைக்காதீர்கள், கணக்கில் அதுவும் சர்க்கரைதான். இப்படிச் சேர்க்கும் சர்க்கரை சின்னவளுக்கு ஒரு நாளைக்கு 19 கிராம், பெரியவனுக்கு 24 கிராமுக்குள் இருக்க வேண்டும். மாமியார் தந்த பாதாம் வீட்டில் ஓடட்டும், ஆனால் 5 வயது வரை முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். பொடித்துப் பாலில் போடுங்கள்.

வைட்டமின் டி சமையலில் தீராது. தினம் 10 மைக்ரோகிராம் சொட்டு மருந்து, சின்னவளுக்கு வருடம் முழுக்க. பெரியவனுக்கு அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்பது பொது விதி, நம் நிறத்துக்கு வருடம் முழுக்கக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஊரிலிருந்து 60,000 யூனிட் பாக்கெட் கொண்டுவந்திருந்தால் மருத்துவர் சொல்லாமல் பிரிக்காதீர்கள்.

லேகியத்தைத் தள்ளிவையுங்கள். சில லேகியங்களில் ஈயம் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, ஈயம் குழந்தை மூளைக்கு நேர் எதிரி. வல்லாரைக் கீரையாகத் துவையல் அரைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம், ஞாபகசக்திக்கு என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மாமியார் ஏதாவது அனுப்பியே தீருவேன் என்றால் அடிப்பாகம் தட்டையான பணியாரச் சட்டியாகக் கேளுங்கள். இங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் கண்ணாடி அடுப்புதான், அடி உருண்ட கல் அதில் உட்காராது. நெய் மட்டும் வேண்டாம், பால் பொருள் எதையும் இந்தியாவிலிருந்து பெட்டியில் கொண்டுவர அனுமதி இல்லை.