அத்தை நீட்டிய கை

கேள்வி: மகன் ஐந்தாம் வகுப்பு. கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த டிராயிங் டீச்சர் இப்போது மாதிரிப் படமே தருவதில்லை, சீட்டு எழுதிக் கொடுக்கிறார். போன வாரச் சீட்டு: "வீட்டில் மூத்தவர் கையைப் பிடித்துப் பார். கண்ணை மூடிக்கொள். அந்தக் கையை வரை." இவன் வரைந்தது இஞ்சித் துண்டு மாதிரி இருந்தது. நானே அழித்துவிட்டு, யூடியூப் பார்த்து அழகாக வரைந்து அனுப்பினேன். மாமியார் வேறு அரைமணி நேரமாகச் சிரித்துக்கொண்டே கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் பாடமா? ஹெச்.எம்.மிடம் சொல்லலாமா?
– ஒரு அம்மா, புளியரை

பதில்: சொல்லு தங்கச்சி, தாராளமாகச் சொல்லு. ஆனால் "வேறு" என்று ஒரு வார்த்தை போட்டு உன் மாமியாரைத் தள்ளிவிட்டாயே, அங்கேயே நான் நின்றுவிட்டேன். அரைமணி நேரம் ஒரு கிழவி கையை நீட்டி, அதுவும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அந்தக் கையை அதற்கு முன்னால் யார், எப்போது பிடித்தது? மாத்திரை கொடுக்கும்போது தொட்டதைக் கணக்கில் சேர்க்காதே.

சீட்டில் இருந்தது மூன்றே வேலை. நீ ஒன்றையும் செய்யவில்லை. கையைப் பிடிக்கவில்லை, கண்ணை மூடவில்லை, வரைந்ததும் யூடியூப்காரன் கை. பையன் மூன்றையும் செய்தான், நீ அழித்தாய். அத்தையின் விரல் மூட்டை என்றைக்காவது பார்த்திருக்கிறாயா? இஞ்சி மாதிரிதான் இருக்கும்.

இது டீச்சர் கிளப்பிய புதுக் கூத்தும் இல்லை. அமெரிக்காவில் சோல் லெவிட் என்று ஒருவர், 1968 முதல் சுவர் ஓவியத்துக்குக் கோடு எப்படிப் போகவேண்டும் என்று எழுதிக் கொடுப்பார், பெரும்பாலும் வேறு ஆட்கள் வரைவார்கள். 2007இல் செத்துப்போனார், இன்னும் வரைகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்று மார்கழிக்கு ஒரு வரி போட்டால் நீ என்ன செய்வாய்? வரி ஒன்றுதான், ஆனால் உன் வாசல் கோலமும் எதிர்வீட்டுக் கோலமும் ஒன்றாகவா இருக்கிறது? உன் கோலத்தை எதிர்வீட்டுக்காரி அழித்துவிட்டு "நல்லதாக" போட்டால் சும்மா இருப்பாயா?

சரி, அந்தப் பேப்பரைத் திரும்ப வாங்கு. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார், அவன் பென்சில் அழுத்திய தடம் உன் கோட்டுக்கு அடியில் கிடக்கும். அப்புறம் டீச்சரிடம் "அது நான் வரைந்தது" என்று பையன் முன்னால் சொல். சாயந்திரம் அத்தை பக்கத்தில் அவனை உட்கார வை, நீ அடுக்களைக்குப் போய்விடு. கூப்பிட்டால் மட்டும் வா.