சுடுதண்ணி ஊற்றிச் சாப்பிடும் பை: மலைக்குப் போகிறவர்கள் கேட்டவை

காயவைத்த சாப்பாட்டைப் பைக்குள் போட்டு, கொதிதண்ணி ஊற்றி, ஊறவிட்டு அப்படியே சாப்பிடுகிற முறை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே பையைத் திரும்பத் திரும்பப் பாவிக்க வேண்டும், தோளில் பாரமும் ஏறக்கூடாது என்பதுதான் எல்லாருடைய கவலையும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திருநெல்வேலியில் இருந்து: அண்ணை, பிரிட்ஜில் வைக்கிற சிப் பைக்குள்ளேயே கொதிதண்ணி ஊற்றினால் என்ன? சிலிக்கன் பை விலை கூடவாக இருக்கிறது.

அந்தச் சிப் பை பொலிஎதிலீன். பெரும்பாலும் குறைந்த அடர்த்தி வகை, 110 பாகை செல்சியஸை ஒட்டி உருகும். கொதிதண்ணி 100. உருகாதுதான், ஆனால் தளர்ந்து தொங்கும், சிப் வாய் பிரியும், மடியில் கொட்டினால் தோல் வெந்துவிடும். தடித்த பையில் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஓரிரு தடவைக்கு மேல் தாங்காது. சொப்பிங் பையை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

சிலிக்கன் 200 பாகைக்கும் அசையாது, வருடக்கணக்கில் உழைக்கும். குறை பாரம்தான். ஒரு லீற்றர் பை 100 கிராமுக்கு மேல் வரும், சிப் பை 10 கிராம் அளவில் நிற்கும். நான் சொல்வது மூன்றாவது வழி. வெளிநாட்டில் விற்கிற, சுடுதண்ணி ஊற்றும் நடைப்பயணச் சாப்பாட்டுப் பொதி இருக்கிறதல்லவா, உள்ளே வெள்ளித் தாள் ஒட்டிய, அடி அகன்று தானாக நிற்கிற பை? அது கொதிதண்ணிக்கென்றே செய்தது, பாரமும் இல்லை. கழுவிக் காயவைத்தால் பல தடவை பாவிக்கலாம். கனடாவில் இருந்து யாரும் வந்தால் சொக்லேற்றுக்குப் பதிலாக அதில் இரண்டு கேளுங்கள். உள்ளே கிடக்கும் ஒட்சிசன் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை எடுத்த பிறகே தண்ணி ஊற்ற வேண்டும்.

சாவகச்சேரியில் இருந்து: எவ்வளவு தண்ணி ஊற்றுவது? ஒருக்கால் கஞ்சி, ஒருக்கால் கல்லு.

தராசு இருந்தால் ஊகிக்கவே தேவையில்லை. சமைத்ததைக் காயவைக்க முன் நிறுங்கள், காய்ந்த பிறகு திரும்ப நிறுங்கள். 400 கிராம் சோறும் பருப்பும் காய்ந்து 130 கிராம் ஆனால், போனது 270 கிராம் தண்ணி. 270 மில்லிலீற்றர் திரும்ப ஊற்றினால் சரி. அதைப் பையின் வெளியே எழுதி ஒட்டிவிடுங்கள். மலையில் குளிரில் நின்று கணக்குப் பார்க்க ஒருவருக்கும் மனம் வராது.

கோப்பாயில் இருந்து: அண்ணா, சிலிக்கன் பையில் ஒரு தடவை கறி ஊறவிட்டேன். மஞ்சள் நிறமும் மணமும் போகவே இல்லை. பை பழுதா?

பை பழுதில்லை, தங்கச்சி. சிலிக்கன் எண்ணெயை உறிஞ்சும். எங்கள் கறியில் மஞ்சளும் தூளின் மணமும் எண்ணெயோடுதான் போகின்றன. அப்பச்சோடா போட்ட தண்ணியில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு வெளிறும், அந்த விஷயத்தில் எங்களூருக்குக் குறைவில்லை. மணம் மெல்லத்தான் போகும். வாசனைச் சவர்க்காரம் போட்டால் அந்த மணமும் உள்ளே ஏறி, அடுத்த சோறு சவர்க்காரம் மணக்கும்.

உண்மையில் மாற்ற வேண்டியது சமையலை. காயவைக்கப் போகிற கறியைத் தாளிக்காமல், தேங்காய்ப்பால் விடாமல் சமையுங்கள். எண்ணெய்ச் சாப்பாடு ஒழுங்காகக் காயாது, காய்ந்தாலும் சீக்கிரம் சிக்கு மணக்கும். நல்லெண்ணெயைச் சின்னப் போத்தலில் தனியாகக் கொண்டுபோய், ஊறிய சோற்றைக் கோப்பையில் கொட்டிய பிறகு விடுங்கள். தேங்காய்ப்பால் மாவையும் அப்போதே தூவலாம். பைக்குள் எண்ணெய் படாவிட்டால் மலையில் கழுவுவதும் லேசு. கொஞ்சம் சுடுதண்ணி விட்டுக் குலுக்கி அதையே குடித்துவிடலாம். ஆற்றில் கொண்டுபோய்க் கழுவாதீர்கள்.

உரும்பிராயில் இருந்து: நான் சைவம். கூட வருகிறவர்கள் நெத்தலிக் கருவாடு இல்லாமல் நடக்க மாட்டார்கள். பையை மாறி மாறிப் பாவிக்கலாமா?

வேண்டாம் ஐயா. கருவாட்டு மணம் சிலிக்கனை விட்டு இலேசில் போகாது. உங்கள் பையில் பெயர் எழுதி வையுங்கள், அதையும் பெரிதாக.

வல்வெட்டித்துறையில் இருந்து: வீட்டில் பதினைந்து நிமிடத்தில் ஊறினது, ஹோட்டன் சமவெளியில் அரை மணியாகியும் கடகடவென்று இருந்தது. ஏன்?

அந்தச் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல். அங்கே தண்ணி ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் குளிர். தை, மாசியில் அங்கே இரவில் உறைபனி கூட விழும். வெறும் பையை நிலத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே ஆறிப்போகும்.

பைக்குச் சட்டை போடுங்கள். வாகனக் கண்ணாடியில் வெயிலுக்கு மறைக்கும் வெள்ளி நிறத் தடுப்பை வெட்டி, மூன்று பக்கமும் ஒட்டினால் உறை தயார். கிராம் கணக்கில்தான் பாரம். அதுவும் இல்லையென்றால் குளிர்ச் சட்டைக்குள் சுற்றி வையுங்கள், பையின் வாய் மேலே பார்க்க. தண்ணி ஊற்றியவுடன் இறுக்கி மூடாதீர்கள். ஆவி விரிந்து வாயைத் திறந்துவிடும். கொஞ்சம் பொறுத்து, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பாதி நேரத்தில் ஒருக்கால் கிளறுங்கள்.

சோறு முழுதாக வெந்து காய்ந்ததா என்றும் பாருங்கள். கோழித் துண்டு போட்டிருந்தால் அது எந்த உயரத்திலும் றப்பர்தான். உதிர்த்துக் காயவைக்க வேண்டும்.

பருத்தித்துறையில் இருந்து: ஒடியல் கூழை இப்படிச் செய்யலாமா?

கூடாது. ஒடியல் மா பச்சைக் கிழங்கைக் காயவைத்து இடித்தது, அடுப்பில் நன்றாகக் கொதித்தே ஆகவேண்டும். பைக்குள் ஊறுவது வேகுவதாகாது. புழுக்கொடியல் மா அவித்த கிழங்கில் வருவது, அதைச் சுடுதண்ணியில் குழைத்துச் சீனியும் தேங்காய்ப்பால் மாவும் சேர்த்துச் சாப்பிடலாம். அவலுக்கும் காய்ந்த இடியப்பத்துக்கும் பச்சைத்தண்ணியே போதும், அவசரத்துக்கு அவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை.

நல்லூரில் இருந்து: சிவனொளிபாத மலைக்கும் இதெல்லாம் வேண்டுமா?

மார்கழிப் போயாவில் இருந்து வைகாசிப் போயா வரை வழி நெடுகத் தேத்தண்ணிக் கடை. பையை வீட்டில் வையுங்கள்.

மானிப்பாயில் இருந்து: ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனைப் பறிக்கிறார்களாமே?

ஆம், பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீன் உறைகளை எடுத்துவிடுவார்கள். நல்ல விஷயம்தான். அங்குள்ள மரைகள் மனிதர் விட்டுப்போகிற உறைகளைத் தின்கின்றன. சாப்பாட்டை மெல்லிய உறைகளில் பொதி பொதியாகக் கட்டாமல், துணிப்பையிலோ மூடியுள்ள டப்பாவிலோ கொண்டுபோங்கள்.

கொக்குவிலில் இருந்து: மீந்தால் மூடி வைத்துக் காலையில் சாப்பிடலாமா? மற்றது, கையால் சாப்பிட ஏலுமா?

ஊறிய சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் கிருமி பெருகும், அதன் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மலையில் வயிற்றோட்டம் வந்தால் இறங்கி வருவது பெரும்பாடு. அன்றைக்கே முடியுங்கள், அல்லது குறைவாக ஊறவிடுங்கள்.

கையால் ஏலாது, பை ஆழம். முழங்கை வரை பருப்பாகும். நீளக் கைபிடிக் கரண்டி ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் கோப்பையில் கொட்டிப் பிசையுங்கள். நான் கோப்பைக் கட்சி.