ஆர்டென் 700 மீட்டர்கூட இல்லையே, அதை ஏன் மலைத்தொடர் என்கிறார்கள்? எந்தெந்த நாடுகளில் இருக்கிறது?

பெரும்பகுதி பெல்ஜியத்தின் தென்கிழக்கில். அங்கிருந்து லக்சம்பர்க்கின் வடபகுதிக்கும் பிரான்சுக்கும் நீள்கிறது. கிழக்கே எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் போனால் அதே நிலம்தான், பெயர் மட்டும் ஐஃபெல்.

உயரத்தை வைத்து இதை எடைபோடக் கூடாது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்த பெரிய மலைகள் தேய்ந்து கிட்டத்தட்ட சமதளமாகிவிட்டன. பிறகு அந்த நிலம் மெல்ல உயர, மேலே ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் பாதையை விடாமல் கீழ்நோக்கி அறுத்தன. அதனால் மேலே நின்றால் மேட்டுநிலம்தான் தெரியும். பள்ளத்தாக்கில் இறங்கினால்தான் மலை தெரியும். இதைப் பார்க்கச் சிறந்த இடம் செமுவா ஆறு. பூய்யோன் ஊரில் அது கோட்டை நிற்கும் பாறையைச் சுற்றி வளைந்து போகிறது. கடினமான ஸ்லேட் பாறை என்பதால் கரைகள் செங்குத்து. சுண்ணாம்புக்கல் பகுதியில் கதை வேறு: லெஸ் ஆறு தரைக்குள்ளேயே புகுந்து ஹான் குகைகளைக் குடைந்திருக்கிறது.

மிக உயர்ந்த இடம் போத்ராஞ்ச், 694 மீட்டர். 1923-இல் அங்கே ஆறு மீட்டர் மேடு கட்டிப் படியும் வைத்தார்கள். ஏறினால் சரியாக 700! சுற்றிலும் ஓட் ஃபான்யு என்ற கரிச்சேற்று நிலம். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டுவது இந்த மேட்டில்தான், அதனால் மழையும் மூடுபனியும் அதிகம். அப்புறம், அங்கே போனால் பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள், கால் புதையும்.