எக்ஸ்ரேயில் தெரிந்த துண்டுகளும் மேற்படிப்பும்

வணக்கம் ஐயா,
பேராதனையில் ரேடியோகிராபி பட்டம் முடித்து, வன்னியில் ஓர் அரச வைத்தியசாலையில் மூன்றாவது வருடமாக வேலை செய்கிறேன். மேலே படிக்க ஆசை. அல்ட்ராசவுண்ட் படித்தால் வெளிநாட்டில் உடனே வேலை என்கிறார்கள் நண்பிகள். அண்ணா அவுஸ்திரேலியாவுக்கு வந்து முதுமாணி செய்யச் சொல்கிறார். எனக்குப் பிடித்தது எம்ஆர்ஐ. இங்கேயோ நாள் முழுக்க நெஞ்சு எக்ஸ்ரேயும் எலும்பு முறிவும்தான். போன கிழமை இருமலோடு வந்த ஒரு அம்மாவின் படத்தில் தோள்மூட்டுக்குக் கீழே அரிசிமணி அளவில் மூன்று செல் (எறிகணை) துண்டுகள். அவவுக்கே தெரியாது. இப்படியான இடத்திலிருந்து நான் எதைப் படிப்பது?
த., வன்னி

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் நண்பிகள் சொன்னது. பிரித்தானியாவில் ரேடியோகிராபர்கள் பட்டப்பின் கற்கை முடித்து அல்ட்ராசவுண்ட் செய்வது உண்மை. ஆனால் அந்தக் கற்கைக்குள்ளேயே மேற்பார்வையோடு கூடிய கைப்பயிற்சி உண்டு. அந்த இடத்தை ஒரு வைத்தியசாலை தரவேண்டும். எங்கள் அரச வைத்தியசாலைகளில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்வது பெரும்பாலும் வைத்தியர்கள். படித்துவிட்டு ஊர் திரும்பினால் அந்தப் படிப்பைக் கையில் எடுக்க இடம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். அவுஸ்திரேலியாவில் முதுமாணிப் பட்டம் வேறு, ரேடியோகிராபராக வேலை செய்வதற்கான பதிவு வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. இதை அண்ணாவுக்கும் சொல்லுங்கள்.

இன்னொரு வழி, மருத்துவப் பௌதிகவியல். அதில் பேராதனையின் பட்டப்பின் விஞ்ஞான நிறுவனத்திலேயே முதுமாணி உண்டு. கணக்கில் உண்மையான விருப்பம் இருந்தால் மட்டும் போங்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த அம்மாவின் படத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாளைக்கு அவவுக்கு முதுகுவலி வந்து எம்ஆர்ஐக்கு எழுதினால் என்ன நடக்கும்? படிவத்தில் 'உடலில் உலோகம் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்றுதான் சொல்லுவா. செல் துண்டு உருக்கு என்றால் காந்தம் அதை இழுக்கும். கண்ணுக்குள் இருந்தால் பார்வையே போகலாம். அதனால்தான் சந்தேகம் வந்தால் முதலில் கண்குழியை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோம். எக்ஸ்ரே உலோகம் இருப்பதைக் காட்டும், என்ன உலோகம் என்று காட்டாது. மறுபக்கம், பல வருடம் சதைக்குள் இருந்த துண்டைத் தழும்பு இறுகப் பிடித்திருப்பதும் உண்டு. துண்டு இருக்கிறது என்பதற்காகவே எல்லோரையும் திருப்பி அனுப்பினால் அவர்களின் நோய் தெரியாமலே போகும். 2009க்குப் பிறகு வன்னியில் இது ஒருவர் இருவரின் பிரச்சினை இல்லை. இடம்பெயர்வில் வைத்தியசாலைச் சீட்டுகளையும் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர்.

இது ஒரு முதுமாணி ஆய்வுக்குப் போதுமான கேள்வி. யாரைத் தயங்காமல் எம்ஆர்ஐக்குள் விடலாம், யாருக்கு சிடி ஸ்கான் போதும், அந்த சிடி படத்தில் உலோகத்தைச் சுற்றி விழும் கோடுகளை எப்படிக் குறைப்பது? இதற்கு வெளியூர் மாணவரைவிட உங்களுக்குத்தான் உரிமை அதிகம். ஆகவே எம்ஆர்ஐ, சிடி பாதுகாப்பைப் பாடமாகக் கொண்ட படிமவியல் (மருத்துவப் படமெடுப்புத் துறை) முதுமாணியைத் தேடுங்கள்.

வழிகளும் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகம் படிமவியலை இணையவழியில் பகுதிநேரமாகக் கற்பிக்கிறது. வேலையை விடவேண்டியதில்லை. பிரித்தானிய முறையில் 60 கற்கைப் புள்ளிகளில் சான்றிதழ், 120இல் டிப்ளோமா, 180இல் முதுமாணி. இடையில் காசு முடிந்தாலும் படித்தது வீணாகாது. முழுநேரம் என்றால் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலைப் பாருங்கள். இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், உங்களிடம் அது இருக்கிறது. முடித்தபின் இரண்டு வருடமாவது நாட்டில் இருக்கவேண்டும். உங்களுக்கு இந்த நிபந்தனை பாரமாக இராது என்று நம்புகிறேன். பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பட்டத்தில் மேல் இரண்டாம் வகுப்பு இருந்தால் நல்லது.

விண்ணப்பத்துக்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் பகுதியின் பொறுப்பாளரிடம் பேசி, யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் ஒழுக்கநெறிக் குழுவிடம் அனுமதி கேட்டு, துண்டு தெரியும் படங்களை ஆறு மாதம் பதிவு செய்யுங்கள். பெயர் வேண்டாம். எந்த இடத்தில், எத்தனை, நோயாளிக்கு முன்பே தெரியுமா என்பது போதும். அதை வைத்து இரண்டு பக்கம் எழுதி எனக்கும் அனுப்புங்கள், நான் வாசித்துத் திருத்தித் தருகிறேன்.