டோக்கனும் பங்கும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மஞ்சள் கிடங்கில் இருப்பு வைக்கும் விவசாயிக்குத் தரப்படும் ரசீதைப் பிளாக்செயினில் (பல கணினிகளில் நகல் இருப்பதால் எளிதில் திருத்த முடியாத பதிவேடு) பதியும் மென்பொருளை நண்பர்கள் மூவர் உருவாக்கி வருகிறோம். கிரிப்டோ முதலீட்டு நிறுவனம் ஒன்று எங்கள் கம்பெனியில் 8 விழுக்காடு பங்கும், பின்னாளில் வெளியிடும் மொத்த டோக்கனில் (பிளாக்செயினில் வெளியிட்டு, வாங்கி விற்கக்கூடிய டிஜிட்டல் வில்லை) 8 விழுக்காடும் கேட்கிறது. டோக்கனை விற்க அவர்களுக்கு ஓராண்டு லாக்-இன், அதாவது விற்கத் தடை; எங்களுக்கு நான்காண்டு. இருவர் நலனும் ஒன்றுபடுமா?

வாசகர், பெருந்துறை

அன்புள்ள நண்பருக்கு,

இந்த நிபந்தனைகளில் ஒன்றுபடாது. பங்கு மட்டும் வாங்குகிறவர், கம்பெனி கைமாறும்வரையிலோ பங்குச்சந்தைக்கு வரும்வரையிலோ பல ஆண்டுகள் காத்திருந்தாக வேண்டும் என்பதால், உங்கள் தொழில் வளர்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. டோக்கனோ ஈரோட்டில் ஒரு கிடங்குகூட உங்கள் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்காத நிலையிலும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் (டோக்கன்களை வாங்கி விற்கும் சந்தை) விலைபோகும். திருப்பூரில் கூட்டாகப் பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் நிட்டிங் மெஷினில் போட்ட முதலை நினைத்த நேரத்தில் உருவ முடியாது. டோக்கனில் அந்தக் கட்டாயத்தை நீங்கள் ஒப்பந்தத்தில் எழுதித்தான் கொண்டுவர வேண்டும்.

ஓராண்டு முடிந்ததும் அவர்கள் விற்றால் விலை சரியும். அதை நீங்களும், டோக்கனைச் சம்பளமாகப் பெற்ற பணியாளரும், உங்களை நம்பி வாங்கிய விவசாயியும் சுமப்பீர்கள். ஒரே நாளில் தொடங்கி, ஒரே வீதத்தில் மாதந்தோறும் விடுபடும் லாக்-இன் இரு தரப்புக்கும் வேண்டும் என்று கேளுங்கள். நிறுவனரே முதலில் விற்று விலகியதும் கிரிப்டோவில் நடந்திருப்பதால், உங்களைக் கட்டிவைப்பதும் நியாயமே.

விழுக்காட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மொத்த டோக்கனில் 60 விழுக்காட்டைப் பயனர்களுக்கு ஒதுக்கினால், நிறுவனர், பணியாளர், முதலீட்டாளர் ஆகியோருக்கு மிஞ்சுவது 40. உங்கள் கம்பெனியில் 8 விழுக்காடு வைத்திருப்பவருக்கு உரியது அந்த 40-இல் 8 விழுக்காடு, அதாவது மொத்தத்தில் 3.2 மட்டுமே. மொத்தத்தில் 8 கொடுத்தால், அந்த 40-இல் ஐந்தில் ஒன்று அவர்களிடம் போய்விடும். பங்கின் மதிப்பைவிட டோக்கனின் விலையே அவர்களுக்குப் பெரிதாகி, மென்பொருள் முடியுமுன்பே டோக்கனை வெளியிடச் சொல்லி நெருக்குவார்கள்.

டோக்கன் வராமலே போகவும் கூடும். 2018-இல் டோக்கன் தருவதாகச் சொல்லி 170 கோடி டாலர் திரட்டிய டெலிகிராம், அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் தொடுத்த வழக்கினால் 2020-இல் அத்திட்டத்தைக் கைவிட்டு, 120 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கிடங்கு ரசீதைப் பதிவதற்கு டோக்கன் தேவைதானா என்பதே எனக்கு ஐயம். வெளியிடுவதா, வேண்டாமா, எப்போது என்ற முடிவு உங்கள் மூவரிடமே இருக்கட்டும். வெளியிடாவிட்டால் பங்கே போதும் என்று அவர்கள் எழுத்தில் தருவார்களா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். மறுத்தால், பங்கு மட்டும் வாங்கும் முதலீட்டாளரைக் கோவையிலேயே தேடலாம்.