என்ஜின்எக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் கான்ஃபிக் கோப்பு ஏன் திரும்ப வருவதில்லை?

உபுண்டு சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை ரிமூவ் செய்து, கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகள் இருக்கும் எட்சிக்குள் இருந்த அதன் ஃபோல்டரையும் கையால் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்திருக்கிறீர்கள். 'என்ஜின்எக்ஸ்.கான்ஃப் இல்லை' என்று சர்வீஸ் எழ மறுக்கிறது. எனக்கும் ஒரு ராத்திரி இதே நடந்தது. மூன்று முறை நீக்கி, மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அந்தக் கோப்பு மட்டும் வரவே இல்லை.

கோளாறு பேக்கேஜில் இல்லை. டெபியன், உபுண்டு இரண்டிலும் எட்சியில் இருக்கும் கான்ஃபிக் கோப்புகளை, பேக்கேஜ்களைப் போடவும் நீக்கவும் செய்யும் டிபேக்கேஜ் என்ற கருவி உங்கள் சொத்தாகத்தான் பார்க்கிறது. நீங்கள் ஒரு வரியை மாற்றினால் அப்டேட்டின்போது கேட்காமல் அதன்மேல் எழுதாது. அதே மரியாதைதான் அழித்த கோப்புக்கும்: வேண்டாம் என்று நீங்களே முடிவெடுத்ததாக எடுத்துக்கொள்ளும். ரிமூவ் என்பது புரோகிராமை மட்டும் எடுக்கும். கான்ஃபிக்கைப் பற்றிய நினைவு போக பர்ஜ் செய்ய வேண்டும், அதாவது கான்ஃபிக்கோடு சேர்த்து முழுதாக நீக்க வேண்டும். டிபேக்கேஜ் பட்டியலில் ஒரு பேக்கேஜுக்கு முன்னால் 'ஆர்சி' என்று இருந்தால், ஆள் போய்விட்டார், கான்ஃபிக் இன்னும் பதிவில் இருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று. அந்தக் கோப்புகள் 'என்ஜின்எக்ஸ்-காமன்' என்ற தனிப் பேக்கேஜுக்குச் சொந்தம். நாம் 'என்ஜின்எக்ஸ்' என்று மட்டும் சொல்லி நீக்கும்போது அது அசையாமல் அப்படியே இருக்கும். என்னை அன்று அலையவிட்டது இதுதான். ஆகவே காமனையும் சேர்த்துப் பர்ஜ் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். பர்ஜ் செய்தால் லாகும் (சர்வர் எழுதிவைத்த பதிவுகளும்) போய்விடும், தேவையானதை முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பர்ஜ் வேண்டாம் என்றால், 'ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்' ஆப்ஷனோடு காமனை ரீஇன்ஸ்டால் செய்தால், காணாமல் போனவை மட்டும் திரும்ப வரும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி: இன்ஸ்டால் ஆனவுடனே சர்வீஸ் தானாக ஓடத் தொடங்குவதை எப்படித் தடுப்பது? டெபியன் குடும்பத்தில் அதுதான் வழக்கம். ஃபெடோராவில் பெரும்பாலான சர்வீஸ்கள் நீங்கள் சொல்லும் வரை ஓடாது. நெட்வொர்க்கில் காது வைத்திருக்கும் எந்த சர்வீஸும் நாம் கான்ஃபிக்கைப் பார்க்கும் முன்பே போர்ட்டைத் திறப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இதற்கு வழி உண்டு. யூஎஸ்ஆர்-எஸ்பின்னுக்குள் 'பாலிசி-ஆர்சி.டி' என்று ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் வையுங்கள். அது செய்ய வேண்டியதெல்லாம் முடியும்போது 101 என்ற எக்சிட் கோடை (முடிவு எண்ணை) தருவதுதான். எக்சிக்யூட் அனுமதியும் கொடுத்துவிடுங்கள். இன்ஸ்டாலின் முடிவில் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட், சர்வீஸைக் கிளப்பும் முன் இதைக் கேட்கும். 101 வந்தால் கிளப்பாமல் விட்டுவிடும். டெபியனின் டாக்கர் இமேஜ்களிலும் இதே உத்திதான்.

வேலை முடிந்ததும் அந்த ஸ்கிரிப்டை மறக்காமல் அழியுங்கள். இல்லையென்றால் பின்னால் வரும் பாதுகாப்பு அப்டேட் வட்டில் ஏறியிருக்கும், ரீஸ்டார்ட் ஆகாததால் பழைய புரோகிராமே ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு சர்வீஸை மட்டும் தடுக்க வேண்டும் என்றால், இன்ஸ்டாலுக்கு முன்பே, சர்வீஸ்களைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் அதை மாஸ்க் செய்வதே (கிளம்ப முடியாதபடி பூட்டுவதே) போதும். கான்ஃபிக்கைச் சரிபார்த்த பிறகு அன்மாஸ்க் செய்து ஸ்டார்ட் கொடுங்கள்.