முதல் வாரத்தில் யாரை இறக்குவது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் டாலஸ் அருகே பிளேனோவில் வசிக்கிறேன். அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் கல்லூரி ஃபேன்டசி ஃபுட்பால் லீகில் மூன்றாண்டுகளாக விளையாடி வருகிறேன். அமெரிக்க ஃபுட்பாலின் உண்மையான கல்லூரி வீரர்களை எங்கள் கற்பனை அணிகளுக்கு எடுத்து, வாரந்தோறும் சிலரை இறக்குவோம்; களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப எங்களுக்குப் புள்ளி. 2025 பருவத்தின் முதல் வாரத்தில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்ச் மேனிங்கை இறக்கினேன். ஜார்ஜியா டெக்கின் ஹெய்ன்ஸ் கிங்கைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். அந்த ஒரு முடிவால் அந்த வாரம் தோற்றேன். இப்போது மறுபடியும் அதே இக்கட்டில் நிற்கிறேன். முதலிடங்களில் உள்ள இன்னோர் அணியை எதிர்த்துப் பருவத்தைத் தொடங்கும் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஒருவர் என் அணியில் இருக்கிறார். யாரும் கவனிக்காத மூவரும் இருக்கிறார்கள். ஒருவர், தன் பயிற்சியாளரைப் பின்தொடர்ந்து நடுத்தரக் கல்லூரி ஒன்றுக்கு மாறியிருக்கும் குவார்ட்டர்பேக். முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில், எஃப்சிஎஸ் என்ற இரண்டாம் அடுக்கு அணியுடன். இரண்டாமவர், பெரிய அணியொன்றின் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்). டெப்த் சார்ட்டில் (எந்த இடத்தில் யார் முதலில் ஆடுவார் என்ற அணிப் பட்டியலில்) அவர் பெயருக்கும் இன்னொருவர் பெயருக்கும் நடுவே ‘அல்லது’ என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாமவர் சிறிய அணிகளின் கூட்டமைப்பான மேக் கான்ஃபரன்ஸைச் சேர்ந்த வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்); முதல் ஆட்டத்தில் பெரிய கூட்டமைப்பான பிக் டென்னின் அணி ஒன்றின் ஊருக்குப் போய் ஆடுகிறார். இவர்களில் யாரை நம்பலாம்?

அன்புடன்,
ஆ.

அன்புள்ள ஆ.,

தோற்றது எப்படி என்பதைச் சற்று நின்று பார்த்துவிட்டு உங்கள் மூவரிடம் வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 30 அன்று மேனிங் ஆடியது கொலம்பஸில், முந்தைய பருவத்தின் தேசிய சாம்பியனான ஒஹாயோ ஸ்டேட்டின் சொந்த மைதானத்தில். டெக்சஸ் 14-7 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் அவர் 170 யார்டு எறிந்தார். ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது), ஒரு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). அதற்கு முந்தைய இரவு போல்டரில் கொலராடோவை எதிர்த்து ஆடிய கிங், ஓடியே 156 யார்டுகளும் மூன்று டச்டவுன்களும் எடுத்தார். இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான லீகுகளில் எறியும் 25 யார்டுக்கு ஒரு புள்ளி, எறிந்து பெறும் டச்டவுனுக்கு நான்கு, ஓடியோ பிடித்தோ பெறும் 10 யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு ஆறு, பல லீகுகளில் ஒவ்வொரு பிடிப்புக்கும் கூடுதலாக ஒரு புள்ளி. இந்தக் கணக்கில் மேனிங் எறிந்து ஈட்டியது 10.8 புள்ளிகள், அதிலும் இன்டர்செப்ஷனுக்குக் கழிவு உண்டு. கிங் ஓட்டத்தால் மட்டும் ஈட்டியது 33.6. இதை வைத்து மேனிங்கைவிடக் கிங் திறமைசாலி என்று நான் சொல்லவில்லை. நீங்கள் திறமையை அளந்தீர்கள். அந்த வாரம் புள்ளிகளைத் தீர்மானித்தது எதிரணியும், ஆடும் முறையும், பந்து யார் கைக்கு எத்தனை முறை வருகிறது என்பதும்தான்.

முதல் வாரத்தில் இந்த வேறுபாடு மற்ற எந்த வாரத்தையும்விடப் பெரிதாக இருக்கிறது. எஃப்பிஎஸ் என்ற முதல் அடுக்கில் மட்டும் 130க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பதிவேடு) வந்து, 2021இல் ஒருமுறை மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்ற விதியும் வந்த பிறகு, ஜனவரியில் ஓர் அணியில் இருந்தவர் ஆகஸ்டில் வேறோர் அணிக்கு ஆடுவது வழக்கமாகிவிட்டது. ஆகவே ஆகஸ்ட் மாத இறுதியில் நம் கையில் இருக்கும் புகழ் முழுவதும் போன பருவத்தில் ஈட்டப்பட்டது, பல சமயம் வேறு சீருடையில் ஈட்டப்பட்டது. நடப்புப் பருவத்தின் ஓர் எண்கூட இல்லாத அந்த வாரத்தில் நம்பிப் பிடிக்கக்கூடியவை மூன்றுதான் என்பது என் உறுதியான கருத்து: தாக்குதலை வகுக்கும் பயிற்சியாளர் யார், முதல் எதிரணி எது, பந்து உறுதியாக யாருக்குப் போகும்.

உங்கள் மூவரில் முதலாமவரை நான் தயங்காமல் இறக்கச் சொல்வது இதனால்தான். பயிற்சியாளரோடு சேர்ந்து வரும் குவார்ட்டர்பேக் புதிய கல்லூரிக்கு வந்தாலும் பழைய பாடத்தையே படிக்கிறார். மற்ற அணிகளில் செப்டம்பர் முழுக்கத் தேவைப்படும் பழக்கம் இவருக்கு முதல் ஸ்னாப்பிலேயே இருக்கிறது. இதற்கு மிகச் சிறந்த உதாரணம் 2021இன் வெஸ்டர்ன் கென்டக்கி. எஃப்சிஎஸ் அடுக்கில் இருந்த ஹூஸ்டன் பேப்டிஸ்டில் தாக்குதலை வகுத்த சாக் கிட்லி அங்கே வந்தபோது, அவருடைய குவார்ட்டர்பேக் பெய்லி சாப்பியும் ரிசீவர் ஜெரெத் ஸ்டெர்ன்ஸும் கூடவே வந்தார்கள். பெரும்பாலான டிராஃப்டுகளில் (லீகுகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றுகளில்) அந்தப் பெயர்களை யாரும் உச்சரிக்கவில்லை. பருவம் முடிந்தபோது சாப்பி 5,967 யார்டுகளும் 62 டச்டவுன்களும் எறிந்து எஃப்பிஎஸ் சாதனைகள் இரண்டையும் தன் பெயருக்கு மாற்றியிருந்தார். ஸ்டெர்ன்ஸ் 150 பந்துகளைப் பிடித்திருந்தார். அவர்களுடைய முதல் ஆட்டம் எஃப்சிஎஸ் அணியான டென்னசி-மார்ட்டினுடன், சொந்த ஊரில். உங்கள் வீரரின் நிலைமையும் ஏறக்குறைய அதேதான்.

நீங்கள் இருக்கும் பகுதியிலிருந்தே இன்னோர் உதாரணமும் உண்டு. பிளேனோவிலிருந்து காரில் சிறிது தூரத்தில் இருக்கும் டென்டனில், நார்த் டெக்சஸ் அணிக்கு 2023 முதல் எரிக் மோரிஸ் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். டெக்சஸ் டெக்கில் பயிற்சியாளர் மைக் லீச்சிடம் ஆடியவர். குவார்ட்டர்பேக் கேம் வார்டை இன்கார்னேட் வேர்ட் கல்லூரியில் வளர்த்து வாஷிங்டன் ஸ்டேட்டுக்குத் தன்னோடு அழைத்துப் போனவர். 2025இல் அவருடைய குவார்ட்டர்பேக்காக ஆடிய ட்ரூ மெஸ்டமேக்கர், உயர்நிலைப் பள்ளியின் முதன்மை அணியில்கூட அந்த இடத்தில் நிரந்தரமாக ஆடாதவர்; உதவித்தொகை இல்லாமல் வாக்-ஆனாகக் கல்லூரி அணியில் சேர்ந்தவர். அந்தப் பருவத்தில் நாட்டிலேயே மிக அதிக யார்டுகள் எறிந்தவர் அவர்தான். வீரரை மட்டும் பார்த்தவர்கள் அவரைக் கடந்து போனார்கள்; மோரிஸிடம் இதற்கு முன் ஆடிய குவார்ட்டர்பேக்குகள் என்ன செய்தார்கள் என்று பார்த்தவர்கள் அவரை எடுத்தார்கள். 2013இல் டெக்சஸ் டெக்கின் முதல் ஆட்டத்தில் எஸ்எம்யூவை எதிர்த்து 413 யார்டுகளும் நான்கு டச்டவுன்களும் எறிந்த பேக்கர் மேஃபீல்டும் அன்று முதலாண்டு வாக்-ஆன் மாணவர்தான் என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். டெக்சஸ் மண்ணில் வேரூன்றிய இந்த எறியும் முறையில் பழக்கம் முக்கியம்; பெயர் அவ்வளவு முக்கியமில்லை.

எதிரணி வலுவாக இருந்தால் கவனிக்கப்படாத வீரரை ஒதுக்கிவிடத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். 2023இன் கொலராடோவை நினைத்துப் பாருங்கள். முந்தைய பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று பதினொன்றில் தோற்ற அணி, அந்த ஜனவரியில்தான் தேசிய இறுதிப்போட்டியில் ஆடிய டிசியூவின் ஊருக்குப் போனது. கொலராடோவின் புதிய தலைமைப் பயிற்சியாளர் டீயன் சாண்டர்ஸுக்கு அதுதான் அங்கே முதல் ஆட்டம். அவர் கென்ட் ஸ்டேட்டிலிருந்து அழைத்து வந்த தாக்குதல் பயிற்சியாளர் ஷான் லூயிஸ், ஒரு பந்து நகர்வு முடிந்த மூச்சிலேயே அடுத்ததைத் தொடங்கும் வேகத்துக்குப் பெயர் பெற்றவர். கொலராடோ 45-42 என்று வென்ற அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 510 யார்டுகள் எறிந்தார். ஆனால் அன்றைய ஃபேன்டசி வெற்றி டிலன் எட்வர்ட்ஸ் என்ற முதலாண்டு ரன்னிங் பேக்குடையது: ஐந்து பிடிப்புகளில் 135 யார்டு, ஓடியதையும் சேர்த்து நான்கு டச்டவுன். பிடிப்புக்குப் புள்ளி தரும் லீகில், ஓடிய யார்டுகளைச் சேர்க்காமலே 42.5 புள்ளிகள். அன்று அவர் யார் அணியிலும் இல்லாமல் சும்மா கிடந்த லீகுகள் ஏராளம். என்னுடையதும் அவற்றில் ஒன்று. அவரைச் சுட்டியிருக்கக்கூடிய ஒரே தடயம் லூயிஸின் வேகம்தான். 2023 முதல், முதல் டவுன் எடுத்தால் (பத்து யார்டு முன்னேறிப் புதிய வாய்ப்புகள் பெற்றால்) கடிகாரத்தை நிறுத்தும் வழக்கம் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டதால், வேகமாக ஆடும் அணிகளின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

உங்கள் இரண்டாமவரைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. பெரிய அணி, பலவீனமான எதிரணி என்றதும் ரன்னிங் பேக்குக்குக் கொண்டாட்டம் என்று தோன்றும். பந்தயச் சந்தை 38 புள்ளி வித்தியாசமும் இரு அணிகளுக்கும் சேர்த்து 58 புள்ளிகளும் கணித்தால், உங்கள் அணியின் பங்கு 48, எதிரணியின் பங்கு 10 என்று வருகிறது. பந்தயம் கட்டும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆனால் இந்த இரண்டு எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதைவிட நல்ல அளவுகோல் முதல் வாரத்தில் கிடையாது. சிக்கல் என்னவென்றால், அந்த 48 புள்ளிகளும் பலருக்குப் பிரியும். இடைவேளைக்குப் பிறகு முதன்மை வீரர்கள் ஓரத்தில் நிற்பார்கள். நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட் ஆண்டு (ஆடும் தகுதிக் கணக்கில் சேராத ஆண்டு) பறிபோகாது என்று 2018இல் வந்த விதியின்படி, மூன்றாம், நான்காம் கால்பகுதிகளைப் பயிற்சியாளர்கள் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். 2024இல் வெஸ்டர்ன் கென்டக்கியை 63-0 என்று அலபாமா நசுக்கியபோது, பதினேழே வயதான ரயன் வில்லியம்ஸ் இரண்டே பிடிப்புகளில் 139 யார்டும் இரண்டு டச்டவுனும் எடுத்தார். அது அவருடைய அசாத்தியத் திறமை, ஆனால் இரண்டு பிடிப்புகளை நம்பி ஒருவரை நாம் திட்டமிட்டு இறக்க முடியாது. ‘அல்லது’ என்ற சொல் டெப்த் சார்ட்டில் இருக்கும்வரை அவரை ஃபிளெக்ஸ் இடத்துக்கு (ரன்னிங் பேக், ரிசீவர் என யாரையும் வைக்கக்கூடிய இடம்) மேல் கொண்டுபோகாதீர்கள்.

மேக் கான்ஃபரன்ஸ் ரிசீவரை இந்த வாரம் பெஞ்சில் விடுங்கள். பின்தங்கும் அணி எறிந்துகொண்டே இருக்கும், அதனால் பிடிப்புகள் குவியும் என்ற வாதம் பாதி உண்மைதான். 31 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணிக்கப்படும் அணியின் பங்கு, மொத்தம் 53 என்று வைத்தாலும், 11 புள்ளிகள். அதாவது ஏறக்குறைய ஒரே ஒரு டச்டவுன். அது அவருக்கே வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது திட்டமாகாது. அவர் அணி சொந்த ஊரில் எஃப்சிஎஸ் அணியைச் சந்திக்கும் வாரம் எது என்று அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாரம் அதுதான்.

நீங்கள் கேட்காத ஒரு வகையும் உண்டு: ஓடும் குவார்ட்டர்பேக்குகள், குறிப்பாக ராணுவ, கடற்படைக் கல்லூரிகளான ஆர்மி, நேவி அணிகளில் இருப்பவர்கள். 2024இல் ஆர்மியின் பிரைசன் டெய்லி ஓடி எடுத்தவை 32 டச்டவுன்கள், ஒவ்வொன்றும் ஆறு புள்ளி. அவர்களும் எஃப்சிஎஸ் அணியோடு தொடங்கும் ஆண்டுகளில் நல்ல தேர்வு. ஆனால் 2025இன் முதல் ஆட்டத்தில் டார்லெட்டன் ஸ்டேட்டிடம் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 30-27 என்று ஆர்மி தோற்றது என்பதால், எஃப்சிஎஸ் என்ற மூன்றெழுத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

முதல் வாரத்தில் வென்றுகொடுத்தவரைத் தொடர்ந்து வைத்திருப்பதா என்பது வேறு கேள்வி. 2020இல் மைக் லீச்சின் முதல் மிசிசிப்பி ஸ்டேட் ஆட்டத்தில், நடப்பு சாம்பியனான எல்எஸ்யூவை எதிர்த்து கே.ஜே. காஸ்டெல்லோ 623 யார்டுகள் எறிந்து எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸின் சாதனை படைத்தார். பருவம் முடிவதற்குள் அவர் இடத்தில் முதலாண்டு மாணவர் வில் ராஜர்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். 2014இல் டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் கென்னி ஹில் முதல் ஆட்டத்திலேயே 511 யார்டுகள் எறிந்து ஜானி மன்ஸியெலின் அணிச் சாதனையை முறியடித்தார். அவரும் அதே பருவத்தில் இடத்தை இழந்து பிறகு டிசியூவுக்கு மாறினார். எதிரணிகள் ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ள மூன்று வாரம் போதும். உங்கள் குவார்ட்டர்பேக் முதல் வாரத்தில் வெளுத்து வாங்கினால், லீகில் அவர் மதிப்பு உச்சத்தில் இருக்கும்போது யாராவது நல்ல ரன்னிங் பேக்கைத் தர முன்வந்தால் பேசிப் பாருங்கள்.

ஆட்டங்கள் வியாழன் இரவு தொடங்கித் தொழிலாளர் தினமான திங்கள் வரை நீளும், ஒவ்வொருவரும் அவரவர் ஆட்டம் தொடங்கும்போதுதான் பூட்டப்படுவார் (அதற்குப் பின் மாற்ற முடியாது) என்பதால், ஃபிளெக்ஸ் இடத்தில் எப்போதும் கடைசியாக ஆடுபவரை வையுங்கள். எஸ்இசி 2024 முதல் காயநிலை அறிக்கை வெளியிட்டாலும் அது கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு மட்டுமே. முதல் வாரத்தில் பெரும்பாலும் வெளி அணிகளோடுதான் ஆட்டம். ஆகவே உங்கள் ரன்னிங் பேக் சனிக்கிழமை மாலை ஆடுபவராக இருந்தால், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் முதல் வரிசையோடு பந்து வாங்குவது அவரா, மற்றவரா என்று அங்கிருக்கும் செய்தியாளர்கள் எழுதும்வரை காத்திருந்து, பிறகு அவரை இறக்குங்கள்.

அன்புடன்.